ஃபொண்டூ பானையில் ரொட்டி வீழ்தல்: ஒரு பன்முக ஆய்வு

இயல் 1: ஆய்வின் தேவை

சுவிட்சர்லாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் ஒரு மண்பானையில் சீஸையும் வெள்ளை வைனையும் உருக்குகிறார்கள். அதை மேசை நடுவே சிறிய ஸ்பிரிட் அடுப்பின்மேல் வைத்து, நீண்ட முள்கரண்டியில் ரொட்டித்துண்டைக் குத்தித் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். இதற்கு ஃபொண்டூ என்று பெயர். சீஸைப் பற்றி நூல்கள் உள. வைனைப் பற்றி அதைவிட மிகுதியாக உள. முள்கரண்டியிலிருந்து நழுவிப் பானைக்குள் மூழ்கிவிடும் ரொட்டித்துண்டைப் பற்றித் தனி ஆய்வு ஒன்றும் எம் பார்வைக்குக் கிட்டவில்லை. (பார்வை என்பது ஈண்டு ஒரு பிற்பகலைக் குறிக்கும், தேநீர் இடைவேளை நீங்கலாக.) இப்பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைகிறது என்பது துணை நோக்கம். இவற்றுள் எது முந்தியது என்பது மேலாய்வுக்கு உரியது.

இயல் 2: எல்லையும் அணுகுமுறையும்

காலம்: நவம்பர் முதல் மார்ச் வரை. களம்: சன்னல் சாத்திய ஓர் அடுக்ககச் சமையலறை. மாந்தர்: நால்வர். பானை: ஒன்று. கோடைக்கால ஃபொண்டூ ஆய்வு எல்லைக்குள் வாராது. உணவக ஃபொண்டூ செலவு கருதி விலக்கப்பட்டது. சொல்லாய்வும் விலக்கப்பட்டது, அதைத் தொட்டால் கட்டுரை லெமூரியாவில்தான் போய் முடியும்.

அணுகுமுறைகள் மூன்று: விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, பசிக்கு முன் - பசிக்குப் பின் முறை. மூன்றாவதே பெரிதும் பயன்பட்டது.

இயல் 3: முதன்மைச் சான்றுகள்

பானைக்குள் போகும் சீஸ் இருவகைத்து. ஒன்று கிரூயேர். இது கிராமத்துச் சீஸ் பட்டறைகளில் காய்ச்சாத பாலில், செப்புத் தொட்டியில் செய்யப்படுவது. ஒரு வட்டு ஏறக்குறைய 35 கிலோ. அதற்குப் பால் ஏறக்குறைய 400 லிட்டர். உப்புநீரில் கிடந்து, மரப்பலகையில் அமர்ந்து, குறைந்தது 5 மாதம் பழுக்கும். பால் கறக்கும் மாட்டுக்குப் புளிக்கவைத்த தீவனம் போடக்கூடாது என்பது விதி. மற்றொன்று வஷ்ரான் ஃப்ரிபூர்ஷுவா. மென்மையானது, சிறு சூட்டிலேயே இளகிவிடும். இரண்டையும் சரிபாதியாகக் கலப்பதே ஃப்ரிபூர் வட்டாரத்து வழக்கம். வஷ்ரானை மட்டும் உருக்குவோர் வைனுக்குப் பதில் தண்ணீர் ஊற்றுவர். அவ்வாறு செய்வோரை மற்றவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பர்.

லெதிவா என்றொரு சீஸ் உண்டு. மே 10 முதல் அக்டோபர் 10 வரை, மாடுகள் மலைமேல் மேயும் காலத்தில் மட்டும், விறகுத் தீயில் செய்யப்படுவது. அதன் அருமை கருதி அதைப் பானையில் போடாமல் அப்படியே சாப்பிட்டுவிட்டோம். எனவே அது பற்றிய தரவுகள் இல்லை.

இயல் 4: பிற குளிர்கால வீட்டுணவுகள்

விரிக்கின் பெருகுமாதலின் சுருக்கித் தருகிறோம். ராக்லெட்: சீஸ் வட்டின் பாதியை நெருப்பில் காட்டி, உருகிய பரப்பை வழித்து, வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் இடுவது, வாலே மாநிலத்தார் உரிமை கொண்டாடுவது. மலையாயர் மக்ரோனி: மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், வதக்கிய வெங்காயம், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ், ஆப்பிள் கூழ் ஏன் என்று கேட்பவர் அயலார். தோலோடு அவித்த உருளைக்கிழங்கும் சீஸும்: சமைக்க மனமில்லாத செவ்வாய்க்கிழமைகளுக்கு. சீஸ் ரொட்டி: பழைய ரொட்டியை வைனில் நனைத்து, சீஸ் போர்த்தி, அடுப்பில் வைப்பது, மிச்சமானவற்றின் மீட்சி. ரோஸ்டி: உருளைக்கிழங்கு அடை, சீஸ் இன்றியும் நிலைபெறுமாதலின் இவ்வாய்வுக்குப் புறம்பு.

இயல் 5: காலம்

வைனில் சீஸைச் சமைக்கும் குறிப்பு 1699ஆம் ஆண்டுச் சூரிச் சமையல் நூலொன்றில் கிடைக்கிறது. பிரெஞ்சு உணவறிஞர் பிரியா-சவரான் 1825இல் ஃபொண்டூ என்ற பெயரில் ஒரு குறிப்புத் தந்தார். முட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கிரூயேர், ஆறில் ஒரு பங்கு வெண்ணெய், மிளகு. இது முட்டைப் பொரியல் என்று சிலரும், முட்டைப் பொரியலே என்று பலரும் கருதுவர். அவர் குறிப்பில் ரொட்டி பானைக்குள் விழுவது பேசப்படவில்லை. ஒரு நூலில் பேசப்படாததைக் கொண்டு அதன் காலத்தை நிறுவுவது நம் துறையில் பெருவழக்கு. ஆதலின் 1825ஐ வீழ்ச்சிக்கு முற்பட்ட காலம் எனத் துணிகிறோம்.

இனி ஆயர்கள் பனிமலையில் காய்ந்த ரொட்டியையும் இறுகிய சீஸையும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்த தொன்மையான உணவு இது என்றொரு கொள்கை உண்டு. அழகான கொள்கை. ஆனால் இதை நாடு முழுவதற்குமான தேசிய உணவாக 1930களில் பரப்பியது சுவிஸ் சீஸ் யூனியன் என்னும் அமைப்பு. 1914இல் தோன்றியது, சீஸின் விலையையும் விற்பனையையும் தன் கையில் வைத்திருந்தது, விற்காத சீஸுக்கு வாய்கள் தேவைப்பட்டன, 1999இல் கலைக்கப்பட்டது. ஒரு பண்பாட்டின் ஆணிவேரைத் தோண்டப்போனால் சிலவேளை விளம்பரச் சுவரொட்டி அகப்படும். இதைச் சொல்பவருக்குக் கருத்தரங்க அழைப்பு வாராது.

இயல் 6: பாடபேதம்

நாம் மேற்கொண்ட மூல ஏடு ஒரு சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது. (ஏடு அ: கோடிட்ட தாள், வலப்பக்க மேல்மூலை கிழிசல், நடுவே சீஸ் கறை.) கறை சரியாக வைனின் அளவின்மேல் விழுந்திருக்கிறது. எஞ்சிய வரிவடிவம் 3 டெசிலிட்டர் என்றும் வாசிக்கத்தக்கது, 8 டெசிலிட்டர் என்றும் வாசிக்கத்தக்கது. அந்த வீட்டுப் பாட்டி 3 என்பார். (பாட்டி, வாய்மொழி, ஞாயிறு மாலை.) இதை மறுத்துத் தாத்தா 8 என்பார். (தாத்தா, வாய்மொழி, அதே மாலை, சமையலறைக்கு வெளியே, தாழ்ந்த குரலில்.) மறுப்பை மறுத்து மீண்டும் பாட்டி. (அடுப்படியிலிருந்தே, திரும்பிப் பாராமல், கரண்டியை உயர்த்தி.) நால்வருக்கு 800 கிராம் சீஸ் என்றால் 3 அல்லது 4 டெசிலிட்டரே தகும். எஞ்சிய வைன் எங்கே போயிற்று என்பதற்குத் தாத்தாவின் முகமே சான்று. (முகம், கன்னப் பகுதி, இருபுறமும்.)

நம் பதிப்பாசிரியர்கள் இவ்விடத்தில் 8 என்பதே மூலபாடம், 3 என்பது பிற்காலத்து ஒழுக்கவாதிகளின் திருத்தம் என்று எழுதி, ஒரு தனி நூலும் வெளியிட்டிருப்பார்கள்.

இயல் 7: கிண்டும் திசை

பானையின் உட்புறத்தைப் பூண்டால் தேய்த்து, வைனைச் சூடாக்கி, துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 8 என்ற எண்ணின் வடிவத்தில் கிண்ட வேண்டும் என்பது மரபு. வட்டமாகக் கிண்டினால் நடுப்பகுதி தப்பித்துவிடும் என்பது காரணம்.

சீஸ் திரிவதற்கும் காரணம் உண்டு. சீஸின் புரதங்களைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. வைனின் புளிப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, பிணைப்பு தளர்ந்து, சீஸ் இழைந்து உருகுகிறது. புளிப்புக் குறைந்தாலோ சூடு மிகுந்தாலோ புரதம் ஒருபக்கம் உருண்டையாகவும் கொழுப்பு ஒருபக்கம் எண்ணெயாகவும் பிரிந்துவிடும். இதைத் தடுக்கவே ஒரு கை மக்காச்சோள மாவு. பிரிந்துவிட்டால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு.

சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஃபொண்டூவின் குழைவை இயற்பியல் கருவிகளால் அளந்து கட்டுரை வெளியிட்டார்கள். குழம்பு மீளாதபடி பிரிந்துபோகாமல் இருக்கக் குறைந்தது 3 சதவீதம் மாவுச்சத்து வேண்டும் என்று கண்டார்கள். நல்ல கண்டுபிடிப்பு. இதைப் பாட்டியிடம் தெரிவித்தோம். மாவு டப்பாவைக் காட்டினார். (டப்பா, மூடி திறந்த நிலை, உள்ளே கரண்டி, கரண்டியின் காம்பு தேய்ந்திருப்பது நெடுங்கால வழக்கைக் காட்டும், ஒப்பிடுக: டப்பாவின் அடியில் ஒட்டிய பழைய விலைச்சீட்டு, எண் அழிந்தது.)

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 1980களிலிருந்து சுவிஸ் உணவகச் சமையலறைகளில் ஈழத் தமிழர் பலர் வேலை பார்த்து வந்திருக்கிறார்கள். எந்தச் சூட்டில் சீஸ் திரியும், எந்த நேரத்தில் மாவு போட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். தமிழில் ஃபொண்டூ அறிவு உண்டா என்று வினவும் அறிஞர் அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மேற்கோள் காட்ட நூல் இராது என்பதால் கேட்கவில்லை போலும்.

இயல் 8: வீழ்ச்சி இயல்

இனி கட்டுரையின் உயிர்ப்பகுதி. இதற்கு நாமே ஒரு நூற்பா இயற்றினோம்.

வீழ்ச்சி நால்வகைத்து, தானே வீழ்தலும், தட்டி வீழ்தலும், வீழ்த்தி ஒளித்தலும், வீழாமை நடித்தலும் என.

இதன் உரை வருமாறு.

தானே வீழ்தல் என்பது ரொட்டியின் குற்றத்தால் வருவது. புதிய ரொட்டி மென்மையானது. முள்கரண்டியின் முனை அதற்குள் பிடிமானமின்றி நிற்கும். ஆதலின் ஒருநாள் பழைய ரொட்டியே தக்கது. ஒவ்வொரு துண்டிலும் ஓரமொறுமொறுப்பு ஒட்டியிருக்க வெட்டுதல் வேண்டும். உள்சதைப் பக்கமிருந்து குத்தி, முனை ஓரத்தில் போய்ப் பதிய வேண்டும். ஓரத்தில் தொடங்கிச் சதையில் முடிப்பவர் துண்டை இழப்பார். இதை அறிந்தும் அவ்வாறு குத்துவோர் உளர். அவர்களைத் திருத்தும் பொறுப்பு இவ்வாய்வுக்கு இல்லை.

தட்டி வீழ்தல் என்பது இரு முள்கரண்டிகள் பானைக்குள் மோதுவதால் வருவது. நால்வர், ஒரு பானை, ஒரே நேரத்துப் பசி. இதில் குற்றவாளி யார் என்பதில் உரையாசிரியர் இருவகைப்படுவர். முன்னே நுழைந்த கரண்டிக்கே உரிமை என்பார் ஒரு சாரார். (மூத்த மருமகள், மேசையின் சன்னல் பக்கம்.) பின்னே நுழைந்ததாயினும் ஆழத்தில் இருப்பதற்கே உரிமை என்பார் மற்றொரு சாரார். (இளைய மருமகன், அவளுக்கு எதிரே, வாயில் ரொட்டியோடு, வாய் நிறைந்திருந்தமையின் சில எழுத்துகள் தெளிவில்லை.) இரண்டும் பொருந்தாது என்பார் வேறொருவர், அவர் பெயர் மேசை விரிப்பின் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டு, கறையால் மறைந்து, விரிப்பு துவைக்கப்பட்டமையின், இன்று அவரது கொள்கை மட்டுமே எஞ்சி நிற்கிறது. அக்கொள்கையாவது: இருவரும் சும்மா இருக்க வேண்டும்.

வீழ்த்தி ஒளித்தல் நுட்பமானது. ரொட்டி விழுந்ததும் ஒருவர் முகத்தில் எந்த மாற்றமும் இன்றி, வெறும் கரண்டியை வெளியே எடுத்து, வாயில் வைத்து, மெல்லுவது போல் அசைப்பார். நாம் இதை அருகிலிருந்து கவனித்தோம். தாடை மூன்று முறை அசைந்தது. தொண்டையும் விழுங்கியது. பிறகு அவர் வானிலையைப் பற்றிப் பேசினார். வெற்றுக் கரண்டியிலிருந்து எடுத்த முடிவை நிறைந்த வாயோடு அறிவிக்கும் இம்முறை, கருத்தரங்க அரங்குகளில் நன்கு வளர்ந்த கலை என்பது அறிஞர் அறிந்ததே.

வீழாமை நடித்தல் என்பது ஆழமாகத் தோய்க்காமலே இருத்தல். துண்டின் ஒரு மூலை மட்டும் மேற்பரப்பைத் தொட்டு வெளியே வரும். இவருக்கு ஒருபோதும் ரொட்டி விழாது. ஆனால் ஒவ்வொருவரும் தோய்க்கும்போதே அடிவரை ஒரு சுற்றுக் கிண்டவேண்டும் என்பது பானைக்குரிய கடமை. கிண்டாவிட்டால் அடியில் சீஸ் பிடித்துவிடும். அடிவரை சென்று கிண்டுபவரின் ரொட்டிதான் விழுகிறது. பானை ஆறஆறக் குழம்பு இறுகும். அந்த நேரத்தில் ஆழம் போனவரின் துண்டை அது பிடித்து இழுத்துக்கொள்ளும். மேலோட்டமாக நனைப்பவர் இழப்பின்றிச் சாப்பிட்டு எழுகிறார். மேலாய்வு வேண்டாத அளவு தெளிவான இந்த உண்மையை வேறு எந்தத் துறைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இயல் 9: தண்டனை

ரொட்டியை இழந்த ஆண் வைன் வாங்கித் தருவதும், பெண் பக்கத்தில் இருப்பவருக்கு முத்தம் தருவதும் பழைய வழக்கு. பாத்திரம் கழுவுதல், பாட்டுப் பாடுதல், பனியில் வெறுங்காலோடு வீட்டைச் சுற்றி ஓடுதல் ஆகியவையும் உண்டு. அடுக்ககத்தில் ஐந்தாம் மாடியில் வாழ்வோருக்குக் கடைசித் தண்டனை நடைமுறையில் மாடிப்படியாகத் திரிந்து வழங்கும்.

இதுபற்றிய முதன்மையான சட்டநூல் கோசினி எழுதி உதெர்சோ வரைந்த, 1970இல் வெளியான ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதை. சுவிட்சர்லாந்தில் நிகழும் அக்கதையில், முதல் துண்டை இழந்தவருக்குக் கழியடி; இரண்டாவதற்குச் சாட்டை; மூன்றாவதற்குக் காலில் பளு கட்டி ஏரியில் எறிதல். இது படக்கதை ஆயிற்றே என்று தள்ளற்க. இதைவிடப் பலவீனமான ஆதாரங்களின்மேல் நம் வரலாற்று நூல்கள் பல நின்றுகொண்டிருக்கின்றன.

இயல் 10: அடிப்பிடி

சீஸ் தீர்ந்ததும் பானையின் அடியில் பொன்னிறமாக ஒரு தகடு பிடித்திருக்கும். பிரெஞ்சு பேசுவோர் இதை லா ரெலிஜியூஸ் என்பர். அடுப்பை அணைத்து, கரண்டியால் நெம்பி, பகிர்ந்து உண்பர். நெய் காய்ச்சிய சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்தால் வீட்டில் நிகழும் அதே போட்டி இங்கும் நிகழும். பானையின் உள்ளே முட்டை உடைத்து ஊற்றிக் கிண்டி உண்போரும் உளர். வீழ்ந்த ரொட்டித்துண்டுகள் பெரும்பாலும் இந்த அடிப்பிடியோடு ஒட்டிய நிலையில் கண்டெடுக்கப்படும். (அகழாய்வு: பானை, அடிப்பகுதி, இடப்பக்கம், மூன்று துண்டுகள், இரண்டு முழுமையாக, ஒன்று சிதைந்த நிலையில், சிதைந்ததன்மேல் நான்கு முள்கரண்டிகளின் குத்துத் தடம், உரிமை கோரியோர் ஐவர், மேசையில் இருந்தோர் நால்வர்.)

இயல் 11: பானம்

ஃபொண்டூவோடு குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் கட்டியாகிவிடும், வெள்ளை வைனோ சூடான தேநீரோதான் குடிக்கவேண்டும், முடிவில் கிர்ஷ் என்னும் செர்ரிச் சாராயம் செரிமானத்துக்கு உதவும் என்பது குடும்பங்களைப் பிரித்த விவாதம். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 20 பேருக்கு ஃபொண்டூ கொடுத்து, சிலருக்கு வைனும் சிலருக்குத் தேநீரும், பிறகு சாராயமோ தண்ணீரோ கொடுத்து, இரைப்பை எப்போது காலியாகிறது என்று அளந்தார்கள். 2010 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. மது குடித்தவர்களின் வயிறு மெதுவாகக் காலியாயிற்று. ஆனால் அதனால் உபாதை கூடவில்லை. சாராயம் செரிக்க உதவும் என்ற கொள்கை வீழ்ந்தது. அதைப் பருகும் வழக்கம் வீழவில்லை.

இயல் 12: அயல் ஆய்வுகள்

எம் ஆய்வு நகைப்புக்குரியது என்று புறநிலைத் தேர்வாளர் கருதக்கூடும். ஆகவே துறையில் ஏற்கனவே நடந்தவற்றுள் சிலவற்றைக் குறிக்கிறோம். இவை நாம் கற்பித்தவை அல்ல.

எமென்டால் சீஸின் ஓட்டைகளுக்கு நுண்ணுயிர் வெளியிடும் கரியமில வாயுவே காரணம் என்று 1917இல் வில்லியம் கிளார்க் என்பவர் எழுதினார். பின்னாளில் ஓட்டைகள் குறையத் தொடங்கின. சுவிஸ் அரசின் அக்ரோஸ்கோப் ஆய்வு நிலையமும் எம்பா நிறுவனமும் சீஸை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்து, 2015இல் விடை சொன்னார்கள். திறந்த வாளியில் பால் கறந்த காலத்தில் வைக்கோல் தூசி பாலில் விழுந்தது. அத்தூசியைச் சுற்றியே வாயு சேர்ந்து ஓட்டை ஆயிற்று. இயந்திரக் கறவை வந்தது, பால் சுத்தமாயிற்று, ஓட்டை போயிற்று. அமெரிக்க வேளாண் துறையோ முதல்தரச் சுவிஸ் சீஸின் ஓட்டைகளுள் பெரும்பாலானவை 3/8 அங்குலத்துக்கும் 13/16 அங்குலத்துக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்திருக்கிறது.

பர்க்டார்ஃப் ஊரில் கால்நடை மருத்துவரும் சீஸ் வணிகருமான பேயாட் வாம்ப்ஃப்ளர், பெர்ன் கலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2018 செப்டம்பர் முதல் 2019 மார்ச் வரை ஒன்பது எமென்டால் வட்டுகளைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்தார். ஒன்றுக்கு மொஸார்ட், ஒன்றுக்கு லெட் ஸெப்பலின், ஒன்றுக்கு டெக்னோ, ஒன்றுக்கு ஹிப்-ஹாப் எனப் பாட்டுப் போட்டார், ஒன்றுக்கு மௌனம். சுவைத்துப் பார்த்த நடுவர்கள் ஹிப்-ஹாப் கேட்ட சீஸுக்குப் பழச்சுவை கூடுதல் என்றார்கள். இனி எம் வீழ்ச்சி இயலைக் குறை கூறுவோர் முன்வரலாம்.

இயல் 13: தீர்ப்பு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: பாட்டி ஒரு கை மாவில் முடித்ததைப் பல்கலைக்கழகம் 3 சதவீதம் என்று உறுதி செய்தது. மாட்டுத் தொழுவத்துத் தூசி செய்த வேலையை ஸ்கேன் கருவி கண்டுபிடித்தது. ரொட்டி விழுவதற்கான தண்டனைச் சட்டம் மட்டும் தலைகீழாக இருக்கிறது. அடிவரை கிண்டிப் பானையைக் காப்பாற்றியவர் ரொட்டியையும் இழந்து, அபராதமும் கட்டுகிறார். மேற்பரப்பை மட்டும் தொட்டவர் கைதட்டுகிறார்.

ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பது: உணவு முடிந்ததும் யார் எத்தனை துண்டு இழந்தார் என எண்ணுக. ஒரு துண்டும் இழக்காதவர் எவரோ அவரே பானை கழுவ வேண்டும். கழுவுமுன் குளிர்ந்த நீரில் ஊறவைக்கவும். வெந்நீர் ஊற்றினால் சீஸ் மறுபடி உருகி நூல் நூலாகத் தேய்ப்பானில் ஒட்டிக்கொள்ளும்.